புருஷனைப் பெயிலாக்கிய பேராசிரியை

கட்டின புருஷனையே பரீட்சையில் பெயிலாக்கிய மகராசி வீடு எது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் பேராசிரியையின் வீட்டைக் காட்டுவார்கள். வீட்டில் போட்ட சண்டையைச் சிவப்பு மையில் தீர்த்துக்கொண்டார் என்று முடி வெட்டும் கடையில் ஒரு கதை. புருஷன் தனக்குச் சமமாகப் படித்துவிடுவானோ என்ற பயம் என்று குழாயடியில் இன்னொன்று. இரண்டும் கேட்க ருசியாகத்தான் இருக்கின்றன. நடந்தது வேறு.

அந்த அம்மா கல்லூரியில் வரலாறு நடத்தியவர். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் வகுப்பு வேண்டும் என்று நகராட்சிப் படியை ஏறி ஏறி இறங்கினார். தலைவர்கள் மாறினார்கள், நாற்காலிகள் மாறின, அவருடைய மனு மட்டும் மாறவில்லை. தொல்லை விட்டால் போதும் என்று கடைசியில் உடைந்த மேசைகள் அடைத்திருந்த ஒரு கிடங்கைத் திறந்துவிட்டார்கள். அதற்கு விளக்கும் மின்விசிறியும் மாட்டியவர் அவருடைய கணவர், மின்வாரிய லைன்மேன். மாட்டிய கையோடு தானும் மாணவனாகச் சேர்ந்துகொண்டார்.

காரணம் முழங்கால். தேய்ந்துபோன காலோடு கம்பம் ஏறிவிட்டு வந்தால், அந்த அம்மாதான் எண்ணெய் தேய்த்து நீவிவிட வேண்டும். பட்டம் வாங்கினால் சூப்பர்வைசர் ஆகலாம். தரையில் நின்றபடி மற்றவர்களை ஏறச் சொல்லலாம்.

வீட்டில் மனைவியை "டாக்டரம்மா" என்று கூப்பிடும் லைன்மேன் வகுப்பில் "மேடம்" என்பார். பக்கத்துப் பெஞ்சு ஆட்டோக்காரர் சும்மா இருப்பாரா?

"அண்ணே, கேள்வித்தாள் எந்த டப்பாவுல இருக்குன்னு பாத்து வைக்கக் கூடாதா? நாங்களும் பொழைச்சுக்குவோம்ல."

"சமையக்கட்டு டப்பாதான்யா என் இலாகா. பீரோப் பக்கம் நான் போறதே இல்ல."

விடைத்தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தாளை எடுத்ததும் அந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. வால் நீண்ட அந்த 'ழ'வை அவருக்குத் தெரியாதா? கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவர் முனைவர் பட்டத்துக்குக் கிறுக்கியதையெல்லாம் அழகாகப் படியெடுத்துக் கொடுத்த கணவரின் எழுத்தல்லவா?

ஒரு ராஜா போரில் ஏன் தோற்றார் என்று கேள்வி. கூட இருந்தவன் காட்டிக் கொடுத்துவிட்டான் என்று சொல்கிறார்கள் என்று பதில். அடுத்த பதிலிலும் 'சொல்கிறார்கள்', அதற்கடுத்ததிலும் 'சொல்கிறார்கள்'. யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. கூட்டிப் பார்த்தால் பாஸாக நாலு மார்க் குறைந்தது. நாலு மார்க்கைச் செருக இடமா இல்லை?

காலை இழுத்துக்கொண்டு லைன்மேன் டீயோடு வந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு டம்ளரை வைத்தார்.

"நான் பாக்கல, டாக்டரம்மா."

"பாக்காதீங்க."

டீ ஆறிப் போகும்வரை அந்த அம்மா பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு கூட்டி வந்ததையே எழுதினார்.

பரீட்சை முடிவு ஒட்டிய அன்று லைன்மேன் சமைத்த சாப்பாட்டில் உப்பே இல்லை. அந்த அம்மா தட்டு காலியாகும்வரை வாயைத் திறக்கவில்லை.

"உப்பில்லாததைப் பேசாம சாப்பிட்டியே," என்றார் லைன்மேன். "என் பேப்பருக்கும் அப்படிக் கண்டுக்காம விட்டிருக்கலாம்."

"உப்பில்லாத சாப்பாடு என்னோட போச்சுங்க. அந்தக் கட்டுல ஆட்டோக்காரர் பேப்பரும் கிடந்துச்சு." எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். "காலை நீட்டுங்க."

"வேணாம்," என்று சொல்லிக்கொண்டே அவர் நீட்டினார்.

"அடுத்த தடவை சொல்றாங்கன்னு எழுதாதீங்க. யாரு சொன்னாங்கன்னு எழுதுங்க."

"நம்ம ஊர்ல அதையெல்லாம் எவன் கேக்கிறான்?"

"நான் கேப்பேன்."

அடுத்த முறையும் 'சொல்கிறார்கள்' இரண்டு இடத்தில் எட்டிப் பார்த்தது; மறுபடியும் பெயில். அவர் இன்னும் ஒரு வருஷம் கம்பம் ஏறினார்.

அந்த அம்மா ஓய்வுபெற்ற நாளில் அதே கிடங்கில் கூட்டம். நகராட்சித் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கட்டிய கணவரையே பெயிலாக்கிய நேர்மைச் சிகரம் என்று புகழ்ந்தார். ஒரே கைதட்டல். முன்வரிசையில் லைன்மேன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா எழுந்து போய் மைக்கைப் பிடித்தார்.

"நான் பெயிலாக்கல. அவராவே பெயிலானார், ரெண்டு தடவை. மூணாவது தடவை அவராவே பாஸானார், சூப்பர்வைசரும் ஆனார். அதுக்கும் நான் அரை மார்க் சேத்துப் போடல. அவர் பாஸானதை மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"