ஒதுக்கியாச்சு

அருந்ததி ரீச்சருக்குக் குடியியல் பாடம் என்றால் உயிர். அக்கராயன் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பதினோராம் வகுப்புக்கு அதைப் படிப்பிக்கிறார். பொதுப்பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று அரசாங்கம் எப்படித் தீர்மானிக்கிறது என்ற பாடம் வந்துவிட்டால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார்.

"ஒதுக்கீடு எண்டால், இன்ன வேலைக்கு எண்டு காசை எடுத்து வைக்கிறது. கேக்கிற சனத்துக்குத்தான் ஒதுக்குவினம். கேளுங்கோ பிள்ளையள்!"

பாவம், இதை அவர் மனதார நம்பினார்.

கேட்பதற்கு ஒரு காரியமும் இருந்தது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனத்தின் வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதைக் கடக்கிற மதகு உடைந்து கிடக்கிறது. போன மாரியில் யதுர்ஷிகாவை வெள்ளம் இழுத்து, யாரோ தலைமயிரில் பிடித்துக் கரையேற்றினார்கள். வகுப்பில் முதலாம் பிள்ளை அவள். "அடுத்த மழைக்குள்ள மதகு கட்டலன்னா புள்ளைய அனுப்பமாட்டேன்" என்று தாய் மீனம்மா ஒரே பிடியாக நின்றார்.

பிரதேச சபை தன் வரவுசெலவுப் பாதீட்டுக்கு மக்களிடம் யோசனை கேட்டபோது, ரீச்சர் வகுப்பையே கூட்டிக்கொண்டு போனார். யதுர்ஷிகா எழுந்து நின்று நடுங்காமல் கேட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். சபை உறுப்பினர் சிற்றம்பலம் ரீச்சருக்கு மாமா முறை. குளத்தடியில் ஒரே ஒழுங்கையில்தான் இருவர் வீடும். பிறகொரு நாள் ரீச்சர் அவரை வழியில் மறித்தார்.

"மாமா, எங்கட மதகு என்ன மாதிரி?"

"அதோ? அது ஒதுக்கியாச்சு பிள்ளை" என்றவர் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ரீச்சருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. வகுப்பில் பிள்ளைகள் கத்திய கத்தலில் அதிபர் ஓடிவந்தார். மீனம்மா அம்மன் கோயிலில் பொங்கி, சட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார்.

மாரி வந்தது. மதகு வரவில்லை. வந்தது என்ன தெரியுமா? குளத்தடி ஒழுங்கை முகப்பில், வர்ணம் பூசிய வரவேற்பு வளைவு! ரீச்சர் மாமா வீட்டுக்கே போய்விட்டார்.

"மதகுக்கு ஒதுக்கியாச்சு எண்டனீங்கள்?"

"மதகுக்கு எண்டு எப்ப சொன்னனான்? மதகை ஒதுக்கியாச்சு எண்டனான். அந்தப் பக்கம் எத்தினை வோட்டு, சொல்லு பாப்பம்? வளைவு வடிவாத்தானே இருக்கு. இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

ரீச்சர் குடிக்கவில்லை. வந்த கோபத்தில் எழுந்து நடந்தார். மாமா மேல் பாதி, தன் மேல் பாதி. படிப்பிக்கிற வாய்க்கு அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் தெரியாதா என்ன? சொந்தக்காரர் சொன்னார் என்று திருப்பிக் கேட்காமல் விட்டாரே!

வெள்ளம் வடிந்த பிறகு ரீச்சர் மீனம்மா வீட்டுக்குப் போனபோது யதுர்ஷிகா அங்கே இல்லை. ஓமந்தையில் சித்தி வீட்டிலிருந்து புடவைக்கடை வேலைக்குப் போகிறாளாம். ரீச்சர் தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னார். மீனம்மா கோபப்படவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"எங்கள ஒதுக்குறது உங்களுக்குப் புதுசா இருக்கலாம் டீச்சரம்மா. எங்களுக்கு என்னாங்க புதுசு? ஆனா நீங்க சொன்னீங்களேன்னு நம்பிட்டோம்."

இந்த வருடமும் அந்தப் பாடம் வந்தது. அந்த வளைவுக்குக் கீழாலேதான் ரீச்சர் தினமும் பள்ளிக்கூடம் போகவேண்டும், அன்றும் போனார். ஒதுக்கீடு என்றால் என்ன என்று புத்தகத்தில் உள்ளபடி பலகையில் எழுதினார். சோதினையில் அதைத்தானே கேட்பார்கள். "கேளுங்கோ பிள்ளையள்" என்று மட்டும் அவர் சொல்லவில்லை.