மாட்டுக் கள்ளர் வீட்டுச் சம்பந்தம்

இரண்டு கிழமைக்கு முன் ஒரு கலியாணப் பேச்சுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் வாயைத் திறந்து சொன்ன விஷயம் — தன் முன்னோர்களில் ஒருவரை மாடு களவெடுத்ததற்காகத் தூக்கில் போட்டார்களாம்.

அதையும் சிரித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அதைத் தமிழில் சொல்லவேண்டிய ஆள் நான்!

விஷயம் இதுதான். செல்வராசா அண்ணை, இத்தாலியில், பலேர்மோ நகரத்துக் கால்சாவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் பெரிய வீட்டில் சமையல் தொடக்கம் தோட்டம் வரை பார்ப்பவர். பெண்சாதி கமலா அக்கா. ஒரே மகள் துளசி இங்கேயே பிறந்தவள்; துறைமுகத்தில் நாப்போலிக் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கிறாள். அதே துறைமுகத்துக்குக் கப்பல் எஞ்சின் திருத்த வந்த ஸ்கொட்லாந்துப் பெடியன் இயன். மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

வெள்ளைக்காரன் என்பதை அண்ணை ஒருமாதிரி விழுங்கிவிட்டார். ஆனால் விசாரிக்காமல் பெண் கொடுக்கலாமா? சம்பந்தம் என்றால் முதலில் விசாரிப்பு. அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கிளாஸ்கோவில் இருக்கும் மச்சானுக்குப் போன் எடுத்தார். "அவையள் எப்பிடியான ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு."

பாவம் மச்சான். அவருக்குத் தன் பக்கத்து வீட்டுக்காரனின் பெயரே தெரியாது. ஸ்கொட்லாந்தின் தெற்கு எல்லையில் இருக்கும் ஒரு குடும்பத்தை எங்கே போய் விசாரிப்பார்?

"அப்ப தேப்பன் வரட்டும். வாயாலை கேப்பம்" என்று அண்ணை முடிவெடுத்தார்.

பெண் பிள்ளை பேச்சுக்கால் நடக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. அதனால் துளசிக்கு அடுப்படி. மாப்பிள்ளைப் பெடியனும் வெளியே வுச்சீரியாச் சந்தைப் பக்கம் சுற்றிவிட்டு வரட்டும் என்று அனுப்பப்பட்டான். ஹோட்டல் ரிசப்ஷனில் நின்று நாலு இங்கிலிஷ் பேசுகிற பாவத்துக்கு நான் நடுவில் குந்தவைக்கப்பட்டேன்.

போகமுன் துளசி என் கையைப் பிடித்தாள். "அன்ரி, அப்பா வேண்டாமெண்டால் நான் அவரை மீறிப் போகமாட்டன். ஆனா வேறை ஒருத்தரையும் கட்டவும் மாட்டன். பாத்துக் கதையுங்கோ." கண் கலங்கியிருந்தது. விளையாட்டாகப் போன எனக்கு அதோடு விளையாட்டு விட்டுப்போயிற்று.

மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் டங்கன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற நாள் முதல் அவருக்கு ஒரே வேலை — தன் பரம்பரையைத் தோண்டுவது! அது எங்கள் யாருக்கும் தெரியாது.

"உங்கடை பரம்பரை எப்பிடி எண்டு கேள், பிள்ளை" என்றார் அண்ணை.

கேட்டேன். மனிதருக்கு முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. உலகத்தில் முதன்முறையாக ஒருவர் தானாகவே அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்!

ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருந்த எல்லையில் எந்த ராசாவின் சட்டமும் செல்லாதாம். அங்கே இருந்த குடும்பங்களுக்குத் தொழிலே குதிரையில் எல்லை தாண்டிப்போய் அடுத்தவன் மாட்டைச் சாய்த்துக்கொண்டு வருவதுதானாம். இந்தப் பக்கத்தானும் அதையே செய்வான், அந்தப் பக்கத்தானும் அதையே செய்வான். டங்கனின் ஆட்கள் அதில் பேர்போனவர்கள். பிறகுதான் அந்தத் தூக்குக் கதை.

துளசியின் முகம் நினைவுக்கு வந்தது. என்ன செய்வேன்? "அந்தக் காலத்திலை மாடு கண்டோடை இருந்த குடும்பமாம், அண்ணை" என்றேன்.

"பாத்தியளே!" கமலா அக்காவுக்குச் சந்தோஷம். "மாடு கண்டு நிண்ட வீடு லட்சுமி குடியிருந்த வீடு."

சபை சரியாகத் திடுக்கிடவில்லை என்று டங்கனுக்குப் பட்டிருக்கவேண்டும். எழும்பி நின்றார். கழுத்தில் கயிறு மாட்டுவதுபோலக் கையால் காட்டி, தலையைச் சரித்து, நாக்கை வெளியே தள்ளினார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"என்ன பிள்ளை இது?" என்றார் அண்ணை. வேறு வழியில்லை... எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

அண்ணை, பலகாரத்துக்கு வைத்த வாய்ப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டங்கனோ உற்சாகத்தில் நிற்கவில்லை. வீட்டில் இறைச்சி முடிந்துவிட்டால் பெண்சாதி புருஷனுக்குச் சாப்பாட்டுக்குப் பதிலாக, குதிரை விரட்டக் குதிக்காலில் கட்டும் இரும்பு முள்ளைத் தட்டில் வைத்துக் கொடுப்பாளாம். 'போய்க் கொண்டுவா' என்று அர்த்தமாம்.

கமலா அக்கா சிரித்துவிட்டார். "நல்ல பொம்பிளையள்! நான் இவருக்குச் சந்தைப் பையை வைச்சுக் குடுத்தாலே விளங்காது."

அதற்கும் அண்ணை சிரிக்கவில்லை. டங்கன் கடைசி அஸ்திரத்தையும் எடுத்துவிட்டார். இந்த ஆட்களின் அட்டகாசம் தாங்காமல் ஒரு பேராயர் எல்லைக் கள்ளர் அத்தனை பேரையும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சபித்தாராம்!

களவு போகட்டும், தூக்கும் போகட்டும்... சாபம் என்றதும் அண்ணை நிமிர்ந்தார். "பரம்பரைச் சாபமோ? தீர்த்தவையோ, இல்லையோ? கேள்!"

கேட்டேன். டங்கன் திகைத்துப் போனார். இவ்வளவு தோண்டிய மனிதருக்கு அந்த யோசனை மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. தெரிந்தவரையில் யாரும் தீர்க்கவில்லை என்றார்.

பிறகு மரியாதைக்காகத் திருப்பிக் கேட்டார். "உங்கள் குடும்பம் எப்படி? எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்?"

"அப்பு வரைக்கும் தெரியும். அதுக்கு முந்தியும் நல்ல ஆக்கள்தான்."

"அது எப்படித் தெரியும்?"

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "ஒருத்தரும் எங்களைப் பற்றிக் கூடாமச் சொன்னதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த வீட்டை ஏழு தலைமுறைக்கு விசாரிக்கிற நாங்கள் எங்கள் வீட்டில் பாட்டனோடு நின்றுவிடுவோம். அதற்கு அப்பால் எல்லோரும் நல்ல ஆக்கள்! டங்கனின் ஊரிலோ களவு பழசாகப் பழசாகப் பெருமையாகிவிடுகிறது. நேற்று எடுத்தவன் கள்ளன். நானூறு வருடத்துக்கு முன் எடுத்தவன் வரலாறு. எது மேல்? எனக்குத் தெரியவில்லை.

அடுப்படிக் கதவில் துளசி வந்து நின்றாள். "அப்பா, இயன் என்ன களவெடுத்தவன்?"

"நீ உள்ளை போ" என்றார் அண்ணை. ஆனால் குரலில் கோபம் இல்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார், "சாபம் போட்டவர் எந்த வேதம்?"

"அப்ப கத்தோலிக்கமாம்."

"அப்ப எங்கடை கோயிலிலை அர்ச்சனை செய்து சரிவராது. வேதத்திலை போட்டதை வேதத்திலைதான் எடுக்கவேணும். தேப்பனும் மகனும் வெறுங்காலோடை பெல்லெக்ரீனோ மலை ஏறி ரொசாலியா அம்மாளிட்டை மன்னிப்புக் கேக்கட்டும். கேட்டால் எனக்குச் சம்மதம்."

பலேர்மோவில் இருக்கும் எங்கள் சைவர்களுக்கு, வழக்கு எதுவென்றாலும் கடைசி நீதிமன்றம் மலையில் இருக்கும் அந்தப் புனிதைதான்! டங்கன் கோவிலுக்கே போகாத ஆள். ஆனால் சொன்னதும் துள்ளினார். இப்படி ஒரு கதை ஊரில் வேறு யாரிடம் இருக்கும்?

போன ஞாயிறு ஏறினோம். வெள்ளைக் கால் இரண்டும் சிவந்து கொப்பளித்து, டங்கன் பாதி வழியில் சாபத்தைவிட மலைதான் கொடுமை என்றார். இயன் வேர்வையைத் துடைத்துத் துடைத்து ஏறினான். குகைக் கோவிலில் தகப்பனும் மகனும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். வெளியே வந்ததும் அண்ணை டங்கனின் தோளில் கைபோட்டார். "சம்பந்தி, வாங்கோ, தண்ணி குடிப்பம்." அந்தச் சொல்லைக் கேட்டு துளசி அழுதுவிட்டாள். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் அண்ணையைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தேன். மனிதர் தனியே முழங்காலில் நிற்கிறார்... எழும்புகிற மாதிரித் தெரியவில்லை.

"அண்ணை, சாபம் அவைக்குத்தானே? நீங்கள் என்னத்துக்கு இவ்வளவு நேரம்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அவருக்குத் தன்ரை ஆக்கள் என்ன செய்தவை எண்டு தெரியும், பிள்ளை. அதுக்கு மன்னிப்புக் கேட்டிட்டார். எனக்கு ஒண்டும் தெரியாதே... எல்லாத்துக்கும் சேத்தெல்லோ கேக்கவேணும்."