சுவருக்குத் திரை போட்ட சண்முகவடிவு

1936ஆம் வருஷம், இலங்கையில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த சண்முகவடிவின் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. ஆனால் ஜன்னல் திரை இருந்தது. அதுவும் இரண்டு.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், லயமே சிரித்தது. அது தோட்டத்துக் கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய, முதுகோடு முதுகு ஒட்டிய லயம். இந்தப் பக்கம் பத்துக் காம்பரா, அந்தப் பக்கம் பத்துக் காம்பரா, நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கதவைத் திறந்தால் கிழக்கு வெயில். இவள் கதவைத் திறந்தால் எதிரே மண்மேடு. ஒரே அறையில்தான் அடுப்பு, படுக்கை, சாமி படம், ஈர விறகின் புகை எல்லாம். அந்தப் புகையில் அவள் புருஷன் பழனியாண்டி இருமிய இருமலைக் கேட்டால் கல்லும் இரங்கும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மட்டும் இரங்கவில்லை. "ஒரு ஜன்னல் வச்சிக் குடுங்கய்யா" என்று அவள் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சண்முகவடிவுக்குத் துரை பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலை. துரைசாணி அங்கே ஜன்னலுக்கு ஜன்னல் மெல்லிசு வெள்ளைத் திரை போட்டிருந்தாள். முந்தின வருஷ மழைக்காலத்தில் குளிர் தாங்காமல், அதற்கு மேலே தடித்த சிவப்புத் திரையும் போடச் சொன்னாள். ஏணியில் ஏறி மாட்டியது சண்முகவடிவுதான். மெல்லிசு கண்ணாடியோரம்; நாலு விரல் தள்ளி இன்னொரு கம்பில் தடிப்பு. தடிப்பைக் காலையில் ஒதுக்கி, மாலையில் இழுத்துவிட வேண்டும். மெல்லிசைத் தொடவே கூடாது. இதைத் துரைசாணி விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னதில் அவளுக்கு அது வேதமாகிவிட்டது.

அடுத்த வருஷம் துரைசாணிக்குச் சிவப்பு சலித்துப்போய், சிவப்பொன்றும் வெள்ளையொன்றுமாகப் பழைய திரை ஒரு ஜோடியை இவளிடம் கொடுத்தாள். வேறொருத்தியாய் இருந்தால் வெட்டிப் பாவாடை தைத்திருப்பாள். சண்முகவடிவு பின்சுவரில் ஆணியடித்து, இரண்டு மூங்கில் கம்பு கட்டி, பழைய கண்ணாடி வளையல்களை வளையமாகத் தைத்து, முறைப்படி மாட்டினாள். மெல்லிசு சுவரோரம், தடிப்பு நாலு விரல் தள்ளி. காலையில் ஒதுக்கினாள், மாலையில் இழுத்துவிட்டாள்.

"இப்ப என்ன தெரியுதுன்னு இதத் தொறக்கிற?" என்று பழனியாண்டி இருமலுக்கு நடுவே கேட்டான்.

"தொறந்து பழகிக்கிறேன். நாளைக்கு ஜன்னல் வந்தா தடுமாறக் கூடாதுல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் ராக்காயி வீடு. "செவுத்துக்குச் சேல கட்டுனவ" என்று இவளுக்குப் பெயர் வைத்தவளே ராக்காயிதான்.

இந்த நேரத்தில், ஜன்னல் இல்லாத காம்பராவுக்கெல்லாம் கதவோரம் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். கணக்கப்பிள்ளை தம்பையா குடையும் புத்தகமுமாக வீடு வீடாக வந்தார். சண்முகவடிவு பங்களாவில் இருந்தாள். தம்பையா புகைக்குப் பயந்து வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். சிவப்புத் திரை ஒருபக்கம் ஒதுங்கியிருக்க, பின்னால் வெள்ளைத் திரை தொங்கியது.

"ஓ, இங்க ஜன்னல் இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் பழனியாண்டி வாயைத் திறந்தான். இருமல் வந்துவிட்டது. அது நிற்பதற்குள் தம்பையா 'உண்டு' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

லயம் முழுக்க ஜன்னல் வந்தது, ராக்காயி வீட்டுக்கும் வந்தது. சண்முகவடிவுக்கு மட்டும் வரவில்லை. காலையில் ஆள்களுக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களத்துக்கே போய்த் தம்பையாவை மறித்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்கு ஜன்னல் இல்லீங்க."

"இருக்கே. ரெண்டு தெர போட்ட ஜன்னல். பங்களாவுக்கு அடுத்தபடியா ஒன் வீட்டுலதான் பாத்தேன்."

"அது செவுருங்கய்யா."

"செவுத்துக்கு எவளாச்சும் தெர போடுவாளா?"

 தம்பையா குரலைத் தாழ்த்தினார். "தொர கையெழுத்துப் போட்டுட்டாரு. இனிமே அந்த ஜன்னல இல்லேன்னு சொன்னா, தொர பொய் சொன்னாருன்னு ஆயிரும்."

அவளுக்குப் பங்களாவில் ஈரத்தில் ஊதிப்போன ஒரு ஜன்னலை ஆள் வைத்துத் திறந்தது ஞாபகம் வந்தது.

"சரிங்க, ஜன்னல் இருக்கு. ஆனா தொறக்க மாட்டேங்குதுங்க."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! ரிப்பேருன்னு எழுதிட்டாப் போச்சு" என்று முகம் மலர்ந்தார் தம்பையா.

மறுநாள் கொத்தனார் செல்லசாமி சீட்டோடு வந்தான். திரைகளை விலக்கினான். சுவரைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், இவளைப் பார்த்தான்.

"இதா தொறக்க மாட்டேங்குது?"

"நாங்க குடிவந்த நாள்லருந்து தொறக்கலண்ணே. நீ பேசாம முன்பக்கம் கதவோரமா ஒடச்சிக் குடுத்துரு."

"பின்செவுருன்னு போட்டிருக்கு தாயி. மாத்தி ஒடச்சா எனக்கு இன்னிக்குப் பேரு விழாது." ஒருநாள் பேர் போனால் ஒருநாள் கூலி போச்சு, அதற்கு மேல் அவனிடம் என்ன பேச? உளியை வைத்து அடித்தான்.

மத்தியானத்துக்குள் சுவர் திறந்துகொண்டது. ஓட்டைக்கு அந்தப் பக்கம், அகப்பையும் கையுமாக ராக்காயி நின்றாள். அவள் சோற்றுப்பானை நிறையச் செம்மண்.

"அடியே, என் வீட்டுக்குள்ள ஏண்டி வாற?"

"நான் வரலக்கா. ஜன்னல் வந்திருக்கு."

ராக்காயி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி ஓய்ந்தபின்தான், இனிமேல் தன் வீட்டில் சேலை மாற்றவும் முடியாது என்பது அவளுக்கு உறைத்தது. "அந்தச் செவப்புத் தெரய எனக்குக் குடு" என்றாள். சிரித்த வாய்தான் கேட்டது. சண்முகவடிவு கழற்றிக் கொடுத்தாள். தடிப்பு அந்தப் பக்கம், மெல்லிசு இந்தப் பக்கம் என்றாயிற்று.

மறுநாள் காலை ராக்காயி தன் ஜன்னலைத் திறந்துவிட்டு, சிவப்புத் திரையை ஒதுக்கினாள். கிழக்கு வெயில் அவள் வீட்டைக் கடந்து வந்து வெள்ளைத் திரையில் விழுந்தது. சண்முகவடிவு முதல்தடவையாகத் துரைசாணியின் பேச்சை மீறி, மெல்லிசையும் விலக்கினாள். அடுப்புப் புகை அந்த வழியாகவே ராக்காயி வீட்டுக்குள் போய், அவள் ஜன்னல் வழியே வெளியேறியது. பழனியாண்டி இருமாமல் உட்கார்ந்திருந்தான். அவன் தலை இவ்வளவு நரைத்திருப்பதை வீட்டுக்குள் வைத்து அவள் பார்த்ததே இல்லை. அழுகை வந்தது. அடுப்பை ஊதுகிற சாக்கில் அழுதுகொண்டாள்.

அதன்பிறகு தினமும் விடிந்ததும் வெள்ளைத் திரையை ஒதுக்கிவிட்டுக் காத்திருப்பாள்.

"அக்கா, தெரயத் தொறங்க."

"இருடி, நான் குளிர் காஞ்சி முடிச்சிட்டுத் தாறேன்" என்பாள் ராக்காயி, வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு.