என் மேல் வீசும் தைலம்

இறம்பொடைப் பக்கம் வந்து யூக்கலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறவன் யார் என்று கேளுங்கள், என் வீட்டுக்குத்தான் வழி காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லயத்து அறையில் பிறந்தவன் இன்று மாடிவீடு கட்டியிருக்கிறேன். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

அந்த மரம் இந்த மலையில் தானாக முளைத்ததல்ல. ஆஸ்திரேலியாவில் இருந்ததை வெள்ளைக்காரன் கொண்டுவந்து, தேயிலை காய வைக்க விறகு வேண்டுமென்று மலை மலையாக நட்டான். அவன் விறகைப் பார்த்தான், நான் இலையைப் பார்த்தேன். செப்புக் கொப்பரையில் இலையை அமுக்கித் தண்ணீர் விட்டுத் தீ மூட்டினால் ஆவி குழாய்க்குள் ஏறும். குழாய் ஓடைத் தண்ணீருக்குள் கிடக்கும். ஆவி குளிர்ந்து சொட்டும்போது தைலம் மேலே மிதக்கும்.

தடிமன் என்றால் கொதிநீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிப்பார்கள். மழையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் அட்டை ஏறாமலிருக்கக் காலில் பூசிக்கொள்வார்கள். முட்டுவலிக்கும் என் போத்தல்தான்.

“அண்ணே வர்றது ரெண்டு வளைவுக்கு முன்னாலயே தெரிஞ்சிருது” என்று கடைக்காரர் கேலி செய்வார்.

“பின்னே? என்னைய மாதிரி இன்னொருத்தன காட்டு பார்ப்போம்” என்பேன்.

இந்த மழைக்கு என் மனைவிக்கு மூச்சு இழுப்பு வந்தது. நான் விடுவேனா? நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்தேன், தலையணையிலும் தெளித்தேன். இழுப்பு ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரி டாக்டர் முகர்ந்து பார்த்ததுமே, “இந்த வாசம் இவங்களுக்கு ஆகாது. கிட்டவே கொண்டு போகாதீங்க” என்றார்.

அன்றே அடுப்பை அணைத்தேன். போத்தல்களை வெளியேற்றினேன். இடுப்புக்குப் புதுச் சாரம் கட்டி, புதுச் சட்டை போட்டேன். சவுக்காரம் போட்டுத் தோல் எரியத் தேய்த்தேன். வருஷக்கணக்காக ஊறியது போயிற்றா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாசத்துக்கு என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

வாசலில் நின்று மகளைக் கேட்பேன்.

“இப்ப எப்படி புள்ள?”

“இன்னும் வீசுதுப்பா. அங்கனயே நில்லுங்க.”

நான் கட்டிய வீடு. படுப்பது தம்பி வீட்டில்.

போன வாரம் மனைவிக்கு மறுபடி இழுத்தது. ஆட்டோ வந்ததும் ஓடிப்போய் ஒரு காலை உள்ளே வைத்தேன். அவளுக்குப் பேச மூச்சில்லை. கையால் என்னைத் தள்ளினாள்.

“அப்பா, இறங்குங்க! பஸ்ல வாங்க!” மகள் கத்தினாள்.

இறங்கினேன். வேறென்ன செய்ய ஏலும்?

வார்டுக்குள்ளும் நான் போகவில்லை. வெளியே ஜன்னல் கண்ணாடியருகே நின்றேன். முகமூடிக்குள் மூச்சு வாங்கியபடி அவள் என்னைப் பார்த்தாள். விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். தலையாட்டினேன். சாப்பிட்டிருக்கவில்லை.

இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இன்றும் குளித்துவிட்டுப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கப் போகிறேன்.