அளவுப் பலகையின் ஒன்பதாம் அடி

ரெங்கசாமி, தந்தை பெயர் காளியண்ணன். பிறப்பு 1927. மலாய் ஊரான ஜெராமுக்குக் கிழக்கே உள்ள ரப்பர் தோட்டமொன்றின் நீர்த்தேக்கத்தில் 1958 முதல் காவலர். மனைவி புஷ்பவள்ளி 1971 மார்ச் 17 அன்று இறந்தார். தோட்டத்து இடுகாட்டின் தாழ்ந்த மூலையில் அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் இல்லை.

1979இல் தொழிற்சாலையின் தேவைக்காக நீர்த்தேக்கத்தின் கரை ஐந்து அடி உயர்த்தப்பட்டது. அந்த மூலையில் இருந்த மூன்று கல்லறைகள் நீருக்குள் போகும் என அறிவித்து, இடம் மாற்ற முப்பது நாள் கெடு கொடுத்தார்கள். இரண்டு குடும்பங்கள் மாற்றின. புதைத்தவரைத் தோண்டி எடுப்பது ரெங்கசாமியின் வீட்டில் வழக்கமில்லை. அவர் மாற்றவில்லை.

காலை ஏழு மணிக்கு, தண்ணீருக்குள் நட்டிருக்கும் அளவுப் பலகையைப் பார்த்து அடியும் அங்குலமும் நோட்டில் எழுதுவது காவலரின் வேலை. நீர் ஒன்பது அடிக்கு இறங்கினால் புஷ்பவள்ளியின் கல்லறை வெளியே தெரியும். வறட்சியான மார்ச் மாதங்களில் அப்படி இறங்குவதுண்டு. 1980 முதல் 1984 வரை வந்த ஐந்து நினைவு நாள்களில் நான்கில், அவர் சேற்றில் நடந்து சென்று அங்கே சூடம் ஏற்றினார்.

1985 பிப்ரவரியில் தோட்டத்து மனமகிழ் மன்றம் படகுகள் வாங்கியது. மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, படகுப் போட்டி. அதுவரை நீர் பதினான்கு அடிக்குக் குறையக் கூடாது என்று தோட்டத்து நிர்வாகியான துரையிடமிருந்து உத்தரவு வந்தது.

மார்ச் 9 அன்று ரெங்கசாமி மதகைத் திறந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் பலகையில் கண்டதையே நோட்டில் எழுதினார். 12ஆம் தேதி, வழக்கம்போல் நோட்டைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தேவதாஸின் மேசையில் வைத்தார்.

"என்னய்யா ரெங்கசாமி, தண்ணிய எல்லாம் நீயே குடிச்சிட்டியா?"

"தொறந்து விட்டேங்க."

"எதுக்கு?"

"ஞாயித்துக்கெழம அவளுக்கு நாளுங்க. ஒம்பதுக்கு எறங்கணும்."

தேவதாஸ் பேனாவை மூடினார். "பதினாலுன்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே லா. எவன் போயி பலகையப் பாக்கப் போறான்?"

"பலகையில பன்னெண்டுதாங்க நிக்குது."

"எங்கிட்ட மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா தொறக்க விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்." நோட்டைத் திருப்பி நீட்டினார். "தொர பாக்குறதுக்குள்ள போயி மூடுய்யா."

அன்று பிற்பகல் ரெங்கசாமியே மதகை மூடினார். அடுத்த மூன்று நாளும் மழை.

போட்டியன்று படகுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டவரும் அவர்தான். மஞ்சள் படகு ஒன்று கல்லறை மூழ்கியிருந்த மூலைக்குப் போய்த் திரும்பி வந்தது. வென்றவர்களுக்கு எல்லாரும் கைதட்டினார்கள்; அவரும் தட்டினார். சூடப் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருந்தது.

நோட்டில் அன்றைய பதிவு அவருடைய கையெழுத்தில் உள்ளது: 17.3.1985, காலை மணி 7, பதினான்கு அடி இரண்டு அங்குலம்.