கிம்மி அக்காவின் தொண்டை

கிம்மி அக்காவின் தொண்டையைப் பற்றிச் சொல்லாமல் கிம்மி அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்கிற எங்கள் பசுவை, இந்தப் பக்கம் மாடி வராந்தாவில் நின்றபடியே ஒரு கூப்பாடு போட்டு வீட்டுக்கு வரவழைத்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பசுவும் கூடவே வந்துவிடும், அது வேறு தகராறு. சந்தையில் ஆப்பிள் ஏலத்துக்குப் போனால் கமிஷன்காரர்கள் அவளைப் பார்த்ததுமே நல்ல விலையைச் சொல்லிவிடுவார்கள். அவள் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வியாபாரம் கெட்டுப்போகும் அல்லவா?

நான் அவளுக்கு ஓரகத்தி. பெயர் ஹீரா. மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் பேலி ராமின் மனைவி அவள், நடுவில் உள்ளவரின் மனைவி நான். பத்தொன்பது வருஷமாக ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின் கீழ் ஒருத்தியை ஒருத்தி கடித்துக் குதறிக்கொண்டு இருக்கிறோம். என்னை அவள் ஊமைக்கோட்டான் என்பாள். நான் ஊமை இல்லை. அவள் பேசும் வீட்டில் அடுத்தவளுக்குப் பேச இடம் இருந்தால்தானே?

அதற்குப் பழிவாங்கத்தான் கீழே மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும்போது அவளைப் போலவே பேசிக் காட்டுவேன். இடுப்பில் ஒரு கை, மூக்கில் கொஞ்சம் காற்று, கடைசி எழுத்தை இழுக்கிற அந்த இழுப்பு. குழந்தைகள் வைக்கோலில் உருண்டு சிரிக்கும். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் அவளே வாசலில் நிற்கிறாள்! ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு வாழ்க்கையிலேயே நிம்மதியான மாதம் அது.

அவளுக்கு ஒரே மகள், காந்தா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிள் பறிக்கிற நாளில், மண்டி என்ற ஊர்ப் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவனைக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்தாள். கிம்மி அக்கா வராந்தாவிலிருந்தே பார்த்துவிட்டாள். "போ! வந்த வழியே போயிடு! இந்தப் பாலத்தை இன்னொரு தடவ மிதிச்சே, நான் உனக்கு அம்மா இல்ல!" என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். ஊரே வராந்தாக்களில் வந்து நின்று கேட்டது. காந்தா அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, போன் இல்லை. ஆனால் அந்த வருஷம் பிறந்த கிடாக்குட்டி ஒன்றை அக்கா விற்காமல் வளர்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மகளும் மருமகனும் வீட்டுக்கு வந்தால் விருந்து போடத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். சொன்னால் யார் அடி வாங்குவது?

இந்த வருஷம் மாசக்கணக்கில் வராத பனி, ஒரு சனிக்கிழமை காலையில் கொட்டத் தொடங்கியது. அதுவும் எந்த நாளில்? எங்கள் ஊர் அமைதி காக்கிற நாளில். மகர சங்கராந்தி அன்று எங்கள் தேவதை மேலுலகத்துக்குப் போய்விடும். திரும்பி வர நாற்பத்திரண்டு நாள். அதுவரை ஊரில் சத்தம் கூடாது. கோயில் மணியைத் துணி சுற்றிக் கட்டிவிடுவார்கள். டிவியைப் பிடுங்கி வைத்துவிடுவோம். போன்களை எல்லாம் ஒலி அடைத்துக் கோதுமைப் பெட்டிக்குள் போட்டுவிடுவோம். மண்ணைக் கொத்தக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. மீறினால் தேவதைக்குக் கோபம், ஊருக்கு வறட்சி, மீறின வீட்டுக்கு அபராதம். அன்றைக்கு இருபத்து மூன்றாம் நாள்.

வாரக் கடைசி என்பதால் குல்லுவில் வேலை பார்க்கும் என் புருஷனும் வந்துவிட்டார், கொழுந்தனும் வந்துவிட்டான். பெரியவர்களும் சின்னதுகளுமாகப் பதினாறு பேர் இரும்பு அடுப்பைச் சுற்றி ஒரே அறையில். ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் மடக்க வேண்டும். எட்டுக் குழந்தைகள் வெளியே பனியைப் பார்த்துப் பரபரக்கின்றன. சிமெண்டுச் சாக்கில் உட்கார்ந்து சரிவில் வழுக்கிக்கொண்டு போகும்போதுகூட ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் போக வேண்டும். எங்கள் ஓரகத்திச் சண்டைகூட கிசுகிசுப்பில்தான் நடந்தது. "நெய்யை நீதான் எடுத்தே" என்று காதில் வந்து சொன்னால் கோபமே வருவதில்லை, கூச்சம்தான் வருகிறது.

மத்தியானம் என் மகள் சுமன் என் முந்தானையை இழுத்தாள். பெட்டிக்குள்ளிருந்து திருட்டுத்தனமாகப் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள், கழுதை. அடிக்கக் கை ஓங்கினேன்.

"அடிக்காதம்மா, காந்தா அக்கா எழுதியிருக்கு."

படித்தேன். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மணாலி வந்த இடத்தில் பனியில் ஜீப் மாட்டிக்கொண்டதாம். நாளைக்கு மத்தியானம் பாலத்துக்கு வருவாளாம். 'அம்மா போன்னு வாயால சொன்னாங்க, ஊரே கேட்டுச்சு. வான்னும் வாயால சொல்லட்டும். கூப்பிட்டா வரேன். இல்லேன்னா இனிமே எப்பவும் வரமாட்டேன்.' அமைதி நாள் என்பதை மறந்துவிட்டாளா, தெரிந்தேதான் எழுதினாளா, எனக்கு விளங்கவில்லை. தாயைப் போலத்தானே பெண்ணும்.

கிம்மி அக்கா சித்துவுக்கு, அதான் எங்கள் ஊர் ஆவி ரொட்டிக்கு, மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் காதில் சொன்னேன்.

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எனக்கென்ன?" என்றாள்.

"பதில் போடட்டுமா? வரச் சொல்லி?"

"நான் சொன்னேனா வரச் சொல்லி?"

சொன்னாளே தவிர உட்காரவில்லை. வாதுமைப் பருப்பு வைத்து மூடவேண்டிய சித்துவை வெறுமனே மூடி ஆவியில் வைத்தாள். அடுக்கியிருந்த விறகைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். கடைசியில் மரப்பலகையை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறிவிட்டாள், பனியைத் தள்ள. பேலி ராம் கீழே நின்று இரண்டு கையாலும் கும்பிட்டு இறங்கச் சொன்னார். சத்தம் போட முடியாதே! காற்று ஊசியாகக் குத்தியது. தலைத்துணி பறந்து போனது. மூன்று மணி நேரம் அந்தக் குளிரில் நின்று, தள்ளின இடத்தையே மறுபடி தள்ளிக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும்போது இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாடை நடுங்கியது.

"அடியே, இந்த நாள்ல கத்த முடியாதுன்னு அவளுக்குத் தெரியாதா என்ன? நேரா மேல ஏறி வரச் சொல்லிப் போட்டுத் தொலை."

அதற்குள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. சுமன் போனைத் தூக்கிக்கொண்டு பரண் வரைக்கும் ஏறிப் பார்த்தாள். ஒன்றும் போகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மத்தியானமே சொல்லியிருந்தால் என்ன என்று அக்காவைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கம்பளியை எடுத்து அவள் தோளில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாக்குக்குச் சண்டை போட்ட குழந்தைகளை அதட்ட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டை வீங்கி, குரல் சுத்தமாகப் போய்விட்டது. மிளகும் தேனும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தாள். நெய்யைச் சுடவைத்து விழுங்கினாள். கழுத்தில் சூடு வைத்த துணியைச் சுற்றினாள்.

"எதுக்குக்கா இந்தப் பாடு? இன்னிக்கு உனக்குக் குரல் எதுக்கு, கத்தவா போறே?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது. கத்தத்தான் போகிறாள்! இருபத்து நாலாம் நாளில், தேவதை இல்லாத ஊரில், வராந்தாவில் நின்று கத்துவதென்று தீர்மானம் பண்ணியிருக்கிறாள்.

ஆண்கள் மூன்று பேரும் காலையிலிருந்தே வாசலிலிருந்து கீழே பாலம் வரைக்கும் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு பனி. மத்தியானம் ஆகியும் பாதி தூரம்கூடப் போகவில்லை. அப்போதுதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பாக ஒரு கோட்டு தெரிந்தது.

காந்தா! தனியாக நின்றாள். முகம் தெரியவில்லை, ஆனால் நிற்கிற விதம் தெரியாதா எங்களுக்கு? வராந்தாவில் பன்னிரண்டு பதிமூன்று பேரும் நெருக்கியடித்தோம். குழந்தைகள் கையை ஆட்டின. நானும் ஆட்டினேன். அவள் அசையவில்லை. எப்படி அசைவாள்? அத்தனை தூரத்தில் ஆட்டுகிற கை வா என்கிறதா, போ என்கிறதா? அன்றைக்கும் இதே வராந்தாவிலிருந்து கையை ஆட்டித்தானே துரத்தினோம். நான் கையை இறக்கிவிட்டேன். குழந்தைகளையும் இறக்கச் சொன்னேன்.

ரொம்ப நேரம் நின்றாள். அரைமணி இருக்கும். கிம்மி அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, உஸ் என்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. தன் தொண்டையில் தானே குத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் சிவப்புக் கோட்டு திரும்பியது. இரண்டு அடி நடந்தது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது.

"கொட்டகையில என்னை மாதிரி பேசுவியே," என்றாள், காதோடு காதாக. "பேசு."

"அக்கா, அமைதி நாளு…"

"பாவம் என்னைச் சேரட்டும். பேசுடி."

எனக்கும் சாமி பயம் உண்டு. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனால் அந்தச் சிவப்பு மூன்றாவது அடியும் வைத்தது. நான் இடுப்பில் கையை வைத்தேன். மூக்கில் காற்றை ஏற்றினேன்.

"ஓ காந்தூஊஊ! ஏ கழுதை! எங்கடி போறே? சித்து ஆறிப் போகுது, வாடி மேலே! வாடீஈஈ!"

மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து பனி ஒரு சரிவு சரிந்தது. ஊர் முழுக்க ஜன்னல்கள் திறந்தன. சிவப்புக் கோட்டு நின்றது. பிறகு ஓடியது, பாலத்தின் மேல், எங்கள் பக்கமாக! பனியில் விழுந்து எழுந்து, பாதை வெட்டிக்கொண்டிருந்த அப்பாவின் மேலேயே போய் விழுந்தாள். அதற்கு மேல் குழந்தைகளை யாரால் பிடிக்க முடியும்? மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து வீறிட்டன. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே வந்த காந்தாவை அக்கா கட்டிப் பிடிக்கவில்லை. ஈரக் கோட்டைக் கழற்றிப் போட்டாள், அடுப்புப் பக்கத்தில் தள்ளி உட்கார வைத்தாள், பருப்பே இல்லாத சித்துவை நெய்யில் முக்கி வாயில் திணித்தாள். "என்னம்மா, உள்ள ஒண்ணுமே இல்ல?" என்றாள் காந்தா. அடுப்பைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தோம். மருமகன் எங்கே என்று பேலி ராம் கேட்டதற்கு, ஜீப்போடு ரோட்டில் நிற்கிறான், கூப்பிடாமல் வரமாட்டான் என்றாள். அவனைக் கூட்டிவரக் கொழுந்தன் போனான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோயில் காரியம் பார்க்கும் கார்தார் வந்தார். பூட்ஸ் பனியைத் தட்டாமலேயே வாசலில் நின்றார். நான் அடுப்பு மறைவில் ஒதுங்கினேன்.

"யாரு சத்தம் போட்டது?" என்று தணிந்த குரலில் கேட்டார். "குழந்தைங்கள விடு. முதல்ல ஒரு குரல் கேட்டுதே, அது யாரு?"

கிம்மி அக்கா எழுந்தாள். நெஞ்சில் கையை வைத்தாள். "நான்தான், கார்தார்ஜி."

குரலா அது? காற்று. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"இந்தத் தொண்டையிலயா?"

எனக்கு இனித் தப்ப வழி இல்லை என்று தெரிந்தது. நானே சொல்லிவிடலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் காந்தா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"என்ன கார்தார் மாமா, எங்கம்மா குரல் எனக்குத் தெரியாதா? பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. எனக்காகக் கத்தித்தான் தொண்டையே போயிருக்கு, பாருங்க."

சுமன் வாயைத் திறந்தாள், நான் அவள் காலை மிதித்தேன். கார்தார் மறுபடி ஒருமுறை அக்காவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தேவதை திரும்பின அன்னிக்கு அபராதம் ஒரு கிடா," என்றார். அக்கா தலையை ஆட்டினாள். வீட்டில் இருந்தது ஒரே கிடா.

அவர் போனபிறகு நான் பால் கறக்கக் கீழே போனேன். பின்னாலேயே அக்காவும் வந்தாள். தூணில் கட்டியிருந்த கிடாவின் கழுத்தைச் சொறிந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் என்ன, மூக்காலயாடி பேசுறேன்?" என்றாள்.

"கொஞ்சம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, இருமலில் முடிந்தது. மேலே காந்தா எதற்கோ சிரிக்கிற சத்தம் பலகை வழியாகக் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள். பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் ஒரு சிட்டிகை உப்புக்கூடக் கெஞ்சிக் கேட்டவள் இல்லை.

"கூப்பிட்டது நீதான்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதடி ஹீரா," என்றாள்.

நான் சொல்லவில்லை.