அக்காவுக்குக் காட்டாத ஆறு

அக்காவைச் சென்னைக்கே அழைத்துவந்து என்னோடு வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்ததை, அக்காவைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னேன். கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லி, பின்னறையை ஒழித்துத் துடைத்து, கட்டிலுக்குப் புது மெத்தையும் போட்டாயிற்று. அதற்கப்புறம்தான் அக்காவிடம் போனில் மெல்ல ஆரம்பித்தேன். "அங்கன வந்து நான் என்னலே செய்யப்போறேன்?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அக்கா இருப்பது தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கேயே பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் கிடையாது. அத்தான் போனபிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். போன மழைக்கு ஆற்றுத் தண்ணீர் அவள் தெருவுக்குள் வந்து வாசற்படியைத் தொட்டுவிட்டுப் போனது. அதைப் பிடித்துக்கொண்டேன். "தனியா இருக்கே. ராத்திரி தண்ணி வந்தா யாரைக் கூப்பிடுவே? தனியா விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பயமுறுத்தினேன். அவள் பயப்படவில்லை. எனக்குத்தான் எரிச்சல் வந்தது.

என் மனைவி போனபிறகு ராஜா அண்ணாமலைபுரம் ஃப்ளாட்டில் நானும் தனிதான். ஆனால் என் விஷயம் வேறு. சுற்றிலும் ஆட்கள், தெரு முனையில் மருந்துக்கடை, கூப்பிட்டால் ஓடிவர வாட்ச்மேன். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேச்சில் மசியாதவளை ஊரைக் காட்டி மசியவைக்கலாம் என்று தோன்றியது. "வந்து தங்க வேண்டாம், சும்மா ரெண்டு நாள் சுத்திப் பாத்துட்டுப் போ" என்று கூப்பிட்டேன். கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் வந்து இறங்கினாள். இறங்கியவுடனே, "என்ன காட்டப்போறே?" என்று கேட்டாள், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி.

சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர் வந்தால் காலையில் மயிலாப்பூர் கோயில், பிறகு டிபன், சாயங்காலம் தி.நகர், மறுநாள் பீச். இந்த வரிசை எல்லா வீட்டிலும் ஒன்றுதான், யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல. நாம் அந்த இடங்களுக்குப் போய் வருஷக்கணக்காகியிருக்கும். ஆனால் போன வாரம்தான் போய்வந்த தோரணையில் முன்னால் நடப்போம். நானும் நடந்தேன்.

கோயில் அவளுக்குப் பிடித்தது. குளத்தைச் சுற்றி வந்தோம். மாட வீதியில் குவித்துவைத்த அகல் விளக்குகளில் நாலைந்து பொறுக்கி வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு மெஸ்ஸைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். அங்கே கொடுக்கும் பொங்கலும் கொத்சும் எப்படி இருக்கும், பரிமாறுகிறவர் நான் போனாலே எப்படி இலை போட்டுவிடுவார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் செல்போன் கடை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் முழித்தேன்.

"நீ இங்கன வந்து எத்தனை நாளாச்சு?" என்றாள் அக்கா.

"போன மாசம்கூட வந்தேனே. இப்பத்தான் மாத்தியிருக்கான்."

அக்கா கடைக்குள் இருந்த பையனைப் பார்த்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் தீபாவளிக்குக் கட்டிய தோரணம் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அது எந்தத் தீபாவளியோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நல்ல பட்டுப் புடவை ஒன்று எடுத்துக் கொடுத்துவிடுவதாகத் திட்டம். அவளோ பிளாட்பாரத்தில் ஒரு நகவெட்டியும் ஒரு அட்டை ஹேர்ப்பின்னும் வாங்கிக்கொண்டு, "எனக்கு இது போதும்" என்றாள். பாண்டி பஜாரில் அகலமாகப் போட்டிருக்கும் நடைபாதையும் பெஞ்சும் மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. போகிற வருகிற ஜனங்களை வேடிக்கை பார்த்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. "இங்க இருந்தா தினமும் வந்து உக்காரலாம் அக்கா" என்று ஒரு கல்லை எறிந்து பார்த்தேன். "நீ தினமும் வந்து உக்காருதியா?" என்று திருப்பி எறிந்தாள். எனக்கு நேரம் கிடைப்பதில்லை என்றேன். ரிட்டயர் ஆனவன் சொல்கிற பதிலா அது!

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் பெசன்ட் நகர் பீச். இங்கேதான் நான் ரொம்ப சாமர்த்தியமாக நடந்துகொள்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தேன். எங்கள் வீட்டிலிருந்து பெசன்ட் நகர் போக அடையாற்றைத் தாண்டியாக வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் அந்தப் பாலத்தில் போகும்போது சாக்கடை நாற்றத்துக்கு இயல்பாகவே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அப்படிப் பழகிவிட்டது. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவளுக்கு, இப்போதும் காலையில் முதல் காரியமாக ஆற்றைப் போய்ப் பார்க்கிறவளுக்கு, இந்தத் தண்ணீரைக் காட்டினால் இரண்டு நாள் பாடுபட்டதெல்லாம் வீண். அதனால் ஆட்டோவில் ஏறியதுமே அவள் உட்கார்ந்த பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டேன்.

"இன்னா சார், மழையே இல்ல, எதுக்குப் படுதா?" என்றார் டிரைவர்.

"எதிர்காத்து. அக்காவுக்கு ஆகாது."

அக்கா படுதா இருட்டில் உட்கார்ந்துவந்தாள். வண்டி பாலத்தில் ஏறியதும் தலையைத் தூக்கினாள். "காத்து மாறுதே. பாலமா?"

"ஃப்ளைஓவர் அக்கா."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார் நீ, அடையார் பாலத்தப் போயி ஃப்ளைஓவருன்ற? கீழ ஆறு போய்க்கினு கீது!"

அக்கா படுதாவைத் தூக்கிப் பார்ப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். பெசன்ட் நகர் வரும்வரைக்கும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பீச்சில் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. குடும்பம் குடும்பமாக, ஜோடி ஜோடியாக. என் மனைவி இருந்தபோது நாங்களும் அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர். அவள் போனபிறகு அன்றைக்குத்தான் அந்த மணலில் கால் வைக்கிறேன். எங்கள் வழக்கமான இடம் பக்கம் போகாமல் வேறு பக்கமாக அக்காவைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தேன்.

"கடல் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, சுண்டல் காகிதத்தைக் கசக்கி. "போவோமா? இருட்டுறதுக்குள்ள அந்த ஆத்தைப் பாக்கணும்."

"அது நாறும் அக்கா."

"நாறட்டுமே."

திரும்பும்போது ஏறிய ஆட்டோக்காரரிடம் அவளே பேசிவிட்டாள். "பாலத்து மேல நிறுத்த முடியாதும்மா, இந்தாண்டயே எறக்கி வுட்றேன், நடந்து போய்க்கங்க" என்று அவர் பாலத்துக்கு முன்னால் எங்களை இறக்கிவிட்டார். அந்தப் பக்கம் போனால் வீடு தூரமில்லை. நடைபாதையில் ஏறினோம். ஒரு பக்கம் பஸ்ஸும் லாரியும் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. நடுப்பாலத்தில் அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

நாற்றம் அடித்தது. பாட்டில்களும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கிக் கிடந்தன. ஆனால் கீழே பார்த்தால் தண்ணீர் அகலமாக, நிறைய இருந்தது. கடல் பக்கத்துத் திட்டில் கூழைக்கடாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. வெயில் இறங்கித் தண்ணீரெல்லாம் செம்பு நிறமாகியிருந்தது. அக்கா ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலே, அந்தப் பாட்டிலைப் பாரு. கடலைப் பாத்துப் போகலை. உள்ளுக்க வருது!"

உண்மைதான். தண்ணீர் மேற்கே போய்க்கொண்டிருந்தது. கடல் ஏற்றத்தில் முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது என்று சொன்னேன். சொன்னேனே தவிர, முப்பது வருஷமாக இந்தப் பாலத்தைத் தாண்டுகிறவன் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். ஆறு பின்னால் நடப்பதை அக்கா வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயதுக்காரி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்த இரண்டு நாளில் நான் காட்டிய எதற்கும் அது வரவில்லை.

"இதைப் போயி மறைச்சியே" என்றாள்.

"பிடிக்காம போயிடுமோன்னு பயம்."

"எங்க ஊர் ஆறும் இப்ப பாதி சாக்கடைதான். தண்ணி ஊருக்குள்ள வருதுன்னு என்னைப் பயமுறுத்துனியே, உங்க ஆறு ஒரு வருஷம் உள்ள வந்தப்ப நீயும் உன் பொண்டாட்டியும் மொட்டை மாடியில கெடந்தீகளே. நான் எங்க ஊருக்கு வான்னு கூப்பிட்டேனா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "நேத்துல இருந்து பாக்குதேன். எந்தக் கடையிலயும் உன்னை ஒருத்தனுக்கும் தெரியலை. நீ எங்கயுமே போறதில்லையோ?"

"போறேன் அக்கா."

"எங்க?"

பதில் தேடினேன். மருந்துக்கடை, பாங்க், பால் பூத். இவற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் ஆனதும் வீட்டில் எல்லா லைட்டையும் போட்டு, டிவியைச் சத்தமாக வைத்து, வேறு அறையில் போய் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். இதை எப்படிச் சொல்வது? பாட்டில் மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னைப் பாத்துத் தனியா இருக்கே, தனியா இருக்கேன்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டே கெடந்தே" என்றாள் அக்கா. "நான் தனியா இருக்கதுக்கெல்லாம் வீட்டை விட்டுட்டு வர முடியாது. எனக்கு அது பழகிப்போச்சு. அங்க என்னை நாலு பேருக்குத் தெரியும், காலையில ஆத்துல பேச ஆள் உண்டு. எனக்காக வர மாட்டேன். வேற காரணம் இருந்தா சொல்லு."

ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. போகட்டும் என்று காத்திருந்தேன். அடுத்தது வந்தது. இந்தப் பாலத்தில் சத்தம் ஓயவே ஓயாது என்று புரிந்தபோது சொன்னேன்.

"எனக்குத் தனியா இருக்க முடியலை அக்கா."

அவள் காதைக் கையால் குவித்துக்கொண்டாள். "என்ன? சத்தமாச் சொல்லு."

"எனக்குத் தனியா இருக்க முடியலை! நீ வந்துரு!"

கத்திவிட்டேன். அங்கே வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. அக்கா முந்தானையை என் பக்கம் நீட்டினாள்.

"முதல் தடவையே கேட்டுச்சுலே" என்றாள். "தை பொறந்ததும் வாரேன்."